பஞ்சில் வந்த கறுப்பு

அம்மாக்கண்ணு தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கொட்டகலைக் கடைவீதிக்கு வந்ததற்கு அவருடைய முழங்கால்கள்தான் காரணம். றொசல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேக்கணக்கு லயத்தில், மேல்பிரிவு வரிசை வீட்டில், பிறந்தவர். அதே லயத்தில்தான் கட்டிக்கொடுத்தார்கள். புருஷனையும் அந்த மலையடியில்தான் புதைத்தார். பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கியவர், நாற்பத்தைந்தாவது வயதில் ஏற்றத்தில் கால் வைக்க முடியாமல் நிரைக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிடத் தொடங்கினார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பார்த்துவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளம். பார்க்காத நாளிலும் கூடை நிறையவில்லை. மகன், மருமகள், பிள்ளைகள் என்று எட்டுப் பேர் படுக்கும் ஒரே காம்பராவில் வேலைக்குப் போகாத ஆளாக இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். அவருடைய மாமியார் அப்படித்தான் மூன்று வருஷம் இருந்து செத்தார்.

1957இல் தம்பி பழனியாண்டி ஆள் அனுப்பினார். அவர் கொட்டகலை ஸ்டேசனுக்குப் போகிற வழியில் லைட் செட்டுக் கடை வைத்திருந்தார். பெட்ரோமாக்ஸ் விளக்குகள், இரண்டு குழாய் ஸ்பீக்கர், கார் பேட்டரிகள், பாட்டுப்பெட்டி, முப்பது சொச்சம் இசைத்தட்டுகள். திருவிழா, கல்யாணம், சடங்கு என்று தோட்டம் தோட்டமாக வாடகைக்குப் போகும்.

"மலை ஏற வேணாம்க்கா. உட்கார்ந்து பிளேட்டைத் துடைச்சுக் குடு, போதும்" என்றார் தம்பி.

உட்கார்ந்து செய்கிற வேலை. முப்பத்திரண்டு வருஷத்தில் அவருக்கு யாரும் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. கடைக்குப் பின்னால் சாமான் அறையில் ஒரு பலகைக் கட்டிலும் கிடைத்தது. ஆனால் தம்பி மனைவி சண்முகவடிவு முதல் நாளே சொல்லிவிட்டார், வேலைக்கு ஆகவில்லை என்றால் திரும்ப லயத்துக்குப் போய்விட வேண்டும், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று. சண்முகவடிவைக் குறை சொல்ல முடியாது. அந்த அறையைத் தன் தங்கைக்கு என்று நினைத்து வைத்திருந்தவர் அவர்.

நான் பல ஊர் சுற்றிவிட்டு 1964இல் திரும்பி வந்தேன். எங்கள் வீடு அந்தக் கடைக்கு எதிரே. ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கால் பரபரக்கும். ஆனாலும் அந்த மழைக்காலம் முழுக்க அம்மாக்கண்ணுவின் அறையில் ஒரு விளக்குப் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கதையை அவர் தொடர்ச்சியாகச் சொல்லவில்லை. துணி பிழிகிற நேரத்தில் ஒரு துண்டு, வெற்றிலை போடுகிற நேரத்தில் ஒரு துண்டு. எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரை மாத்திப் போடு" என்றார். மாற்றியிருக்கிறேன்.

தோட்டத்துத் திருவிழாவுக்குப் போய்வந்த இசைத்தட்டு எப்படி வரும் என்று பார்த்தால்தான் அவர் வேலை புரியும். செட்டுக் கட்டியதும் பூசாரி பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் சூடம் காட்டுவார். முதலில் போடுகிற பிள்ளையார் பாட்டுத் தட்டுக்கு நடுவில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். தட்டு சுற்றும்போது அது சிதறிக் கோடுகளுக்குள் இறங்கிவிடும். மூன்று நாள் சூடக் கரி, சாம்பிராணிப் புகை, பொங்கல் தின்ற கை, மேலே விழுகிற பனி. திரும்பி வந்து பெட்டிக்குள் பத்து நாள் கிடந்தால் இந்த ஊர் ஈரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். அப்படிப்பட்ட தட்டில் ஊசியை வைத்தால் பாட்டு தொண்டை கட்டியது போல வரும்.

அக்கா வருவதற்கு முன் பழனியாண்டி எச்சில் தொட்டு வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாக்கண்ணு முதலில் தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. அடுத்த திருவிழாவில் அந்த மலைத் தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெயில் துடைத்தார். பூஞ்சணம் போனது, நாற்றம் போகவில்லை. "சாமி பாட்டுல குப்பி விளக்கு வாடை வருது" என்று ஒரு தோட்டத்தில் கேலி செய்தார்கள். சீயக்காய்த் தண்ணீர் பொடி விட்டது. சவர்க்காரம் காய்ந்து வெள்ளையாகப் படிந்தது. ஆறின வெறும் தேயிலைச் சாயத்தையும் விடவில்லை. சட்டி பாத்திரத்துப் பிசுக்கு அதில் போகிறதே என்று ஊற்றினார். நடுவிலுள்ள காகிதம் பழுப்பாகிப் படம் போயிற்று. ஒரு தடவை ஈரத்தட்டை வெயிலில் வைத்தார், அப்பம் மாதிரி வளைந்துவிட்டது. சண்முகவடிவு அந்தத் தட்டை எடுத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

இப்படி ஒன்றரை வருஷம் பாடுபட்டு ஒரு தண்ணீரைக் கண்டுபிடித்தார். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் உதவாது, மழை பெய்தால் பொடி மணல் கலந்து வரும். கூரைத் தகரத்திலிருந்து வடிகிற தண்ணீரும் ஆகாது, துரு. வெட்டவெளியில் சட்டி வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைப்பார். நாலு பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்த நுரைத் தண்ணீரை இரண்டு முறை துணியில் வடிகட்டி ஒரு கரண்டி மட்டும் அதில் விடுவார். காகிதத்தின் மேல் பால் டின் மூடியைக் கவிழ்த்து அமுக்கிக்கொண்டு, பழைய பிளனல் துணியால் கோடு போகிற வழியாகவே சுற்றித் துடைப்பார். பிறகு வெறும் தண்ணீர். பிறகு நிழல். ஒரு தட்டுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். முழங்கால் மரத்துப்போகும், முதுகு பிடித்துக்கொள்ளும், விரல் எப்போதும் ஊறியிருக்கும். ஆனால் பாட்டு தெளிவாக வந்தது. மூன்று வருஷம் யாரும் குறை சொல்லவில்லை.

1962 தொடக்கத்தில் பழனியாண்டி மூன்று வேகத்தில் சுற்றும் புதுப் பெட்டி வாங்கினார். கூடவே புது மாதிரித் தட்டுகள் பத்து. மெல்லியவை, கீழே விழுந்தாலும் உடையாதவை, கோடுகள் மயிரிழை போல நெருக்கமானவை. அந்தக் கோட்டில் ஏறின சந்தனம் அம்மாக்கண்ணுவின் தண்ணீருக்கு அசையவில்லை. விரல் பட்ட பிசுக்கும் போகவில்லை.

அந்த நேரத்தில் பழனியாண்டி ஒரு பங்களாவுக்கு விளக்குக் கட்டப் போனார். அங்கே தோட்டத்தை நடத்துகிற தொரை தன் இசைத்தட்டுகளைப் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். கடையில் ஸ்பிரிட்டுக்குப் பஞ்சமில்லை. பெட்ரோமாக்ஸைச் சூடேற்ற ஊற்றுகிற ஊதா ஸ்பிரிட் போத்தல் போத்தலாக இருந்தது. புதுத் தட்டு ஒன்றைத் துடைத்துக் காட்டினார். ஒரே இழுப்பில் சுத்தம். உடனே காய்ந்தது. அம்மாக்கண்ணுவே அசந்துபோனார். கால் மணி நேர வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தால் உடம்புக்கு நல்லதுதானே என்று நினைத்தாராம்.

பங்குனியில் அவர் பிறந்த தோட்டத்துத் திருவிழா வந்தது. செட்டு வழக்கம்போல் இந்தக் கடையிலிருந்துதான். மூன்று நாள் இருக்கும்போது பெட்டியைத் திறந்தார்கள், பழைய தட்டுகள் எல்லாவற்றிலும் பூஞ்சணம். பழனியாண்டி பேட்டரி சார்ஜ் செய்ய ஹட்டனுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் துடைத்துவிடச் சொன்னார்.

புதியவற்றுக்குச் சரி, பழசைத் தன் தண்ணீரிலேயே கழுவிவிடுவதாக அம்மாக்கண்ணு சொன்னார்.

"தொரைக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கா? மூணு நாள்ல அத்தனையும் உன் தண்ணியில கழுவி எப்பக் காய வைப்பே? துடை" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

தொரையிடம் இருந்தவை எல்லாம் புது மாதிரித் தட்டுகள். அதை யாரும் நினைக்கவில்லை. தொரை செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கூடவே பிறந்தது.

முதல் பழைய தட்டில் பஞ்சை வைத்து இழுத்தார். பஞ்சு கறுத்தது. மறுபடி புதுப் பஞ்சு. அதுவும் கறுத்தது. அந்த நேரத்தில் தேத்தண்ணி கொண்டுவந்த சண்முகவடிவு பஞ்சைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அஞ்சு வருசத்து அழுக்கு. இத்தனை நாளும் கழுவுனீங்களா மதினி, தண்ணி காட்டுனீங்களா?"

பஞ்சு அம்மாக்கண்ணுவின் கையில் இருந்தது. கறுப்பு கண் முன்னால் இருந்தது. அரிசி புடைக்கிற முறத்தில் சண்முகவடிவு அந்தக் கறுத்த பஞ்சுகளை எல்லாம் சேர்த்து வைத்தார், புருஷன் வந்ததும் காட்ட வேண்டும் என்று. அம்மாக்கண்ணு அந்த முறத்தையே பார்த்தார். தான் படுக்கிற பலகைக் கட்டில், காலையில் ஏற்றம் ஏறாமல் எழுந்திருக்கிற சுகம், எல்லாம் அந்த முறத்தில் கிடப்பது போல இருந்தது. பஞ்சு வெள்ளையாக வருகிற வரைக்கும் தேய்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தார். வரவில்லை. இன்னும் ஊற்றினார், இன்னும் தேய்த்தார். தட்டு மங்கலாவது தெரிந்தது. காய்ந்தால் பளபளக்கும் என்று நினைத்தார். பிற்பகலுக்குள் பழைய தட்டு முப்பத்தொன்றையும் முடித்தார். பிள்ளையார் பாட்டையும் சேர்த்து.

நாலு மணிக்கு அடுத்த கடை மாயாண்டி வந்தார். தச்சு வேலைக்காரர். பங்களாக்களில் மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடுவது அவர் தொழில். ஆணி கேட்டு வந்தவர் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். யார் இங்கே பாலிஷ் காய்ச்சுவது, என் பிழைப்பில் மண்ணா என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அடுக்கிவைத்த தட்டுகளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஒன்றை எடுத்து விரலால் தொட்டார். விரல் ஒட்டியது.

அந்த நேரம் பழனியாண்டியும் ஹட்டனிலிருந்து வந்துவிட்டார். முறத்தைத் தூக்கிக் காட்டினார் சண்முகவடிவு. அவர் அதைக் கவனிக்கவில்லை, மாயாண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியில் ஒரு தட்டைப் போட்டார். தகரத்தில் மழை பெய்கிற சத்தம் வந்தது. மழைக்குப் பின்னால் எங்கேயோ தூரத்தில் யாரோ பாடினார்கள். அடுத்ததிலும் மழை. அதற்கடுத்ததில் ஊசி நகரவே இல்லை.

மாயாண்டி ஏற்கெனவே உடைந்த தட்டிலிருந்து ஒரு சில்லை முறித்துச் சிரட்டையில் போட்டு ஸ்பிரிட்டை ஊற்றினார். குச்சியால் கிண்டிக்கொண்டே இருந்தார். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில்லு இளகிக் கறுப்புக் கஞ்சி போல ஆனது. துணியில் அதைத் தொட்டுக் கடைப் பலகையில் இழுத்தார். பலகை மின்னியது.

"அரக்கு. இதத்தான் நான் தொரை வீட்டு மேசைக்குப் பூசுறேன். பழைய பிளேட்டெல்லாம் அரக்குல செஞ்சது பழனி. ஸ்பிரிட்டு பட்டா நிக்காது. உன் புதுப் பிளேட்டு வேற சாமான்" என்றார்.

"அப்ப பஞ்சில வந்தது அழுக்கு இல்லையாண்ணே?" என்று கேட்டார் அம்மாக்கண்ணு.

"அழுக்கு ஏது தங்கச்சி. நீ கழுவின பிளேட்டுல அழுக்கே இல்ல. வந்தது பாட்டுதான்."

சண்முகவடிவு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பஞ்சுகள் அடுப்பில் எரிகிற வாசம் வந்தது.

ஹட்டனில் தெரிந்த கடையில் கெஞ்சிக் கேட்டதில் எட்டுத் தட்டுகள் கிடைத்தன. புதிய பத்தும் சேர்த்துப் பதினெட்டு. மூன்று நாள் திருவிழாவுக்கு அது காணாது. கேட்ட பாட்டையே கேட்டால் சனம் ஏன் என்று கேட்கும். திருவிழா அன்று காலையில் லொறியில் சாமான் ஏற்றுவதற்கு முன் பழனியாண்டி அக்காவை அடுப்படிக்குக் கூப்பிட்டார். நேராகப் பார்க்காமல் பேசினார். தான் சொல்லித்தான் நடந்தது என்று தெரிந்தால் எந்தத் தோட்டமும் இனி அவர் கையில் செட்டு வேலையைக் கொடுக்காது, தொழில் தெரியாதவன் என்றாகிவிடும் என்றார்.

"நீ தெரியாமச் செஞ்சதா இருக்கட்டும்க்கா. உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வயசானவ."

அம்மாக்கண்ணு சண்முகவடிவைப் பார்த்தார். அவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஊதிவிட்டு, "இருங்க மதினி. இங்கேயே இருங்க. தங்கச்சிக்கு வேற இடம் பாத்துக்கிறோம்" என்றார்.

அம்மாக்கண்ணு சேலை மாற்றிக்கொண்டு லொறியில் ஏறினார்.

முதல் நாள் சாயங்காலத்திலேயே சனம் கேட்கத் தொடங்கியது. எங்கே அந்தப் பாட்டு, எங்கே இந்தப் பாட்டு. பிள்ளையார் பாட்டு கூட வேறு யாரோ பாடியது. கோயில் தலைவர் அழகன் செட்டுப் பக்கம் வந்து, என்ன பழனி, செட்டை அரைகுறையாகக் கொண்டுவந்திருக்கிறாயா என்று எல்லோரும் கேட்கும்படி கேட்டார். பழனியாண்டி பேட்டரி வயரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மாக்கண்ணு பாயிலிருந்து எழுந்தார். எழுந்திருக்கவே அவருக்கு இரண்டு முயற்சி வேண்டியிருந்தது.

"நான்தாங்க தலைவரே. ஸ்பிரிட்டுல கழுவிக் கெடுத்துட்டேன். தம்பிக்குத் தெரியாது."

கூட்டம் அவரைப் பார்த்தது. அத்தனையும் தெரிந்த முகங்கள். இரண்டு நிரை தள்ளி இருபது வருஷம் அவரோடு கொழுந்து எடுத்த வேலாயி, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "கொழுந்து கிள்ளுற கையில பிளேட்டக் குடுத்தா வேற என்னா ஆகும்? கிள்ளிட்டா" என்றார். சிரித்தார்கள். மகனும் கூட்டத்தில்தான் இருந்தான். அவன் சிரிக்கவில்லை, கொடிமரத்துப் பக்கம் நகர்ந்துவிட்டான். தலைவர் மட்டும், போகட்டும், வயசான பொம்பளை தெரியாமல் செய்தது என்று சொல்லி முடித்துவைத்தார். அடுத்த வருஷமும் செட்டு பழனியாண்டியுடையதுதான் வந்தது.

மிச்ச இரண்டு நாளும் அம்மாக்கண்ணு அங்கேயே செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஏதாவது சொன்னார்கள். "எனக்குக் கோவம் வரல பாப்பா, தூக்கந்தான் வந்துச்சு" என்று என்னிடம் சொன்னார். மூன்றாம் நாள் தேர் சுற்றி வரும்போது ஸ்பீக்கருக்குக் கீழே சுருண்டு தூங்கிவிட்டாராம். அவ்வளவு சத்தத்திலும்.

திரும்பி வந்த பிறகு எந்தத் தட்டை எதில் கழுவுவது என்று தம்பி தலையிடுவதில்லை. அம்மாக்கண்ணுவுக்கு எழுத்துத் தெரியாது. தட்டை ஒரு விரலில் கோர்த்து, ஓரத்தை நகத்தால் சுண்டிப் பார்ப்பார். அரக்குத் தட்டு கோப்பை மாதிரி ணங்கென்று கேட்கும், புதியது அட்டை மாதிரி அடங்கிக் கேட்கும். ணங்கென்பதற்குப் பழைய மழைத் தண்ணீர். அடங்கியதற்குப் பாதி ஸ்பிரிட், பாதி தண்ணீர், அதையும் பஞ்சில் தொட்டு மட்டும். பழைய தட்டுகளில் சிலவற்றைப் பழனியாண்டி மறுபடி வாங்கினார், சில எங்கும் கிடைக்கவில்லை. சம்பவத்தைப் பற்றி வீட்டில் மூவரும் பேசுவதில்லை. ஆனால் கொட்டகலையிலிருந்து கினிகத்தேனை வரைக்கும் கதை போயிருந்தது. மாயாண்டி ஒரு தடவை தேத்தண்ணிக் கடையில் உண்மையைச் சொல்லப் போனாராம். தங்கச்சிக்காக வக்காலத்து வாங்குகிறார் என்று கேலி செய்துவிட்டார்கள்.

தம்பி எப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாமே, இப்போது என்ன கெட்டுவிடும் என்று நான் கேட்டேன். எனக்குத்தான் கோபம் வந்தது.

அவர் பிளனலைப் பிழிந்தார். "சொல்லி? நான் மறுபடி கூடையத் தூக்கப் போறதில்ல. அவங்க சிரிச்ச சிரிப்பத் திருப்பி எடுத்துக்கப் போறதில்ல" என்றார்.

அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஐப்பசி மாதத்து நாள் ஒன்றில் கடைக்கு ஒருவர் வந்தார். றொசல்லப் பக்கம் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. மகள் கல்யாணத்துக்குப் போட வேண்டும் என்று சொந்தத் தட்டு ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பூஞ்சணம் பிடித்திருந்தது. சுத்தம் செய்து தரும்படி பழனியாண்டியிடம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு சாக்குத் திரைதான்.

"அந்தம்மா கையில குடுத்துராதீங்க. நீங்களே பாருங்க."

"சரிங்க" என்றார் பழனியாண்டி.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு தட்டை அக்காவிடம் நீட்டினார். அம்மாக்கண்ணு வாங்கி, ஓரத்தைச் சுண்டினார். ணங்கென்றது. பால் டின் மூடியைத் தேடி எடுத்துக் காகிதத்தின் மேல் கவிழ்த்தார். பழனியாண்டி வெளியே போகவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டு அந்தக் கால் மணி நேரமும் அங்கேயே நின்றார். போனால் யார் கழுவுகிறார்கள் என்று தெரிந்துவிடும். வெளியே கணக்கப்பிள்ளை இருமுவது கேட்டது.

ஈரம் ஒற்றிய தட்டை எடுத்துக்கொண்டு பழனியாண்டி போனார். பெட்டியில் போட்டார்கள். நாதசுரம் குறையில்லாமல் வந்தது.

"உங்க கை கைதாங்க" என்றார் கணக்கப்பிள்ளை.

அம்மாக்கண்ணு சட்டித் தண்ணீரைச் சன்னல் வழியாகக் கொட்டிவிட்டு, மடக்கியிருந்த காலை இரண்டு கையாலும் தூக்கி நீட்டி வைத்தார். அடுத்த தட்டைக் கொடு என்று என்னிடம் கை காட்டினார்.